நாவலை வாயால் சொல்லி எழுதப் போகிறவர்களுக்கு

கை வலிக்கிறது என்று எழுதுகிற ஆள் ஒருவர் சொன்னால் போதும், "இப்பதான் போன்ல பேசுனாலே தமிழ்ல டைப் ஆகுதே, சொல்லி எழுதிர வேண்டியதுதான" என்று நாலு பேர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதைக் கேட்டு ஒரு நாவலை முழுக்க வாயால் சொல்லியே முடித்துவிடப் பார்த்ததில் ஏறக்குறைய ஒரு வருடம் போயிற்று. மைக், ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தவருக்குக் கொடுத்த கூலி, எழுத்துரு மாற்றிய செலவு, பிழை திருத்தியவருக்குக் கொடுத்தது என்று ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போயிற்று. பணம் போனதுகூடப் பரவாயில்லை. இனிமேல் நமக்கு எழுத்தே வராதோ என்று பயந்து கிடந்த நாட்கள்தான் பெரிய இழப்பு. சொல்லி எழுதினால் கதைக்குள் என்ன நடக்கும் என்று யாராவது முன்னாலேயே விவரமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பயமாவது மிச்சமாகியிருக்கும். கட்டுரை, மேடை உரை, கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. கதை எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறேன். அதிலும் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு மாதிரி வட்டார வழக்கில் எழுதுகிறவர்களுக்காக.

எனக்குப் பாளையங்கோட்டை. எண்பதுகளின் கடைசியில் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளை வீட்டில் சும்மா உட்காரவிட மாட்டார்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவார்கள். நானும் அப்படிச் சேர்ந்து ஆங்கிலத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி, ஒரு அலுவலகத்தில் தட்டச்சராகவே வேலைக்குப் போய், விருப்ப ஓய்வு வாங்கும்வரை அந்த வேலைதான் பார்த்தேன். கதைகளை முதலில் நோட்டில் எழுதினேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு என்எச்எம் ரைட்டர் என்கிற மென்பொருளைப் போட்டு, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற முறையில் பழகிக்கொண்டேன். இன்ஸ்டிடியூட்டில் விரலுக்கு ஏறிய பழக்கம் என்பதால் கண் கீபோர்டுக்குப் போகாது. வாக்கியம் திரையில் விழுவதைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். விரல் தானாக அடுத்த சொல்லுக்குப் போகும். பிடிக்காத சொல் முழுசாக விழுவதற்கு முன்பே அழித்திருக்கும். இரண்டு நாவல்கள் அப்படித்தான் எழுதினேன். மூன்றாவது, சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் தொடங்குகிறது. அதில் பாதிகூடத் தாண்டாத நேரத்தில் கை படுத்துவிட்டது.

வலி முதலில் வலியாக வரவில்லை. நடுராத்திரியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய் விழிப்புத் தட்டும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு தேங்காய் துருவும்போது பிடி நழுவியது, சாவியைத் திருப்ப முடியவில்லை. தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கழுத்தெலும்பு தேய்மானமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பிக் கழுத்துக்குப் பட்டையும் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஹைகிரவுண்டு பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சுண்டு விரலும் மரக்குதாம்மா?" சுண்டு விரல் மரக்கவில்லை. நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்துக் கார்ப்பல் டனல் என்றார். மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநார்ப் பட்டைக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாக மீடியன் நரம்பு உள்ளங்கைக்குப் போகிறது. அந்த இடுக்கில் வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். கட்டைவிரலில் தொடங்கி மோதிர விரலின் பாதி வரைதான் அந்த நரம்பின் எல்லை. சுண்டு விரல் வேறு நரம்பு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் மரத்தால் எந்தெந்த விரல் என்று கவனித்துவிட்டு டாக்டரிடம் போனால் பாதி நேரம் மிச்சம். சர்க்கரை, தைராய்டு இரண்டும் இதைக் கூட்டும் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். எனக்குத் தைராய்டு குறைவாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை, ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஸ்பிளின்ட், கொஞ்ச காலம் கீபோர்டு பக்கமே போகக் கூடாது. இதற்கெல்லாம் கேட்கவில்லை என்றால்தான் ஊசி, ஆபரேஷன் எல்லாம் என்றார்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். அதற்கு நாவல் வந்துவிடும் என்று பதிப்பகத்தில் அறிவிப்பே போட்டுவிட்டார்கள். கீபோர்டு பக்கம் போகாமல் எப்படி முடிப்பது? அப்போதுதான் எல்லோரும் அந்த யோசனையைச் சொன்னார்கள். 2017-ல் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்ததிலிருந்தே வாட்ஸ்அப் செய்திகளை அப்படிப் பேசி அனுப்புகிற பழக்கம் எனக்கும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். "நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு வருகிறேன்" என்று சொன்னால் ஒரு எழுத்து பிசகாமல் விழும். அந்த நம்பிக்கையில் ஜங்ஷனில் ஒரு கடையில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஹெட்செட் மைக் ஒன்று வாங்கினேன். கூகுள் டாக்ஸில் வாய்ஸ் டைப்பிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

முதல் வாரம் ஆனந்தமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தட்டச்சில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தால் ஐந்நூறு சொல், நல்ல நாளில் எழுநூறு. வாயால் சொன்னபோது ஒரே மணி நேரத்தில் இரண்டாயிரத்தைத் தொட்டது. கை ஓய்வில் இருக்கிறது, நாவலும் ஓடுகிறது என்று பதிப்பாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை, வேகம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: சொல்லி எழுதிப் பார்க்க நினைக்கிறவர்கள் முதல் நாள் சொன்னதை மறுநாள் காலையில் தாளில் அச்செடுத்துப் படித்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். திரையில் படித்தால் நம் குரலே காதில் கேட்டுக்கொண்டு பிழையை மூடிவிடுகிறது. தாளில் படித்தால்தான் அடுத்தவர் எழுதியதைப் படிப்பது போல இருக்கும். நான் அச்செடுத்துப் படித்தபோது ஐந்து அத்தியாயம் ஆகியிருந்தது.

முதலில் தெரிந்தது மொழி. என் நாவலில் கால்வாய்க்கரையில் ஒரு பெரியவர் இன்னொருவரைப் பார்த்து, "என்ன வே, மடை தொறந்தாச்சா?" என்று கேட்பார். திரையில் "எனவே மடை திறந்தாச்சா" என்று இருந்தது. "நான் சொல்லுதேன்" என்று ஒருத்தி சொல்வது "நான் சொல்லு தேன்" ஆகியிருந்தது. சில இடங்களில் "நான் சொல்கிறேன்" என்றே சுத்தமாகத் திருத்தப்பட்டிருந்தது. "அவுக வருதாவ" என்பதற்கு இடம் தோறும் ஒவ்வொரு மாதிரி. "ஏட்டி" எல்லாம் "எட்டி". கேள்விக்குறி கிடையாது, காற்புள்ளி கிடையாது, யார் பேசுகிறார் என்று மேற்கோள் கிடையாது. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்று இல்லை. 'வாழை' பல இடத்தில் 'வாளை' ஆகிவிட்டது. நான் ழகரத்தை அழுத்திச் சொன்னால் அது சரியாக விழுகிறது. ஆனால் அப்படி அழுத்திச் சொல்கிற வாயில் சேரன்மகாதேவிக்காரர் ஒருவரும் பேச மாட்டார். இயந்திரத்துக்குப் புரியவேண்டும் என்று நானே எனக்குத் தெரியாமல் பாத்திரங்களின் பேச்சைத் திருத்திப் பேச ஆரம்பித்திருந்தேன். "அங்கன கெடக்கு" என்று சொல்ல வேண்டிய கிழவி, மூன்றாம் அத்தியாயத்தில் "அங்கே கிடக்கிறது" என்று சொல்கிறாள். அவளை நான் இழந்துகொண்டிருந்தேன். வாயில் பிறந்த பேச்சு, அதை வாயால்தான் சரியாகப் பதிய முடியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். எழுதிப் பார்த்தால் நேர்மாறு. இந்த இயந்திரங்கள் செய்தி வாசிப்பு மாதிரியான பேச்சுக்குத்தான் பழகியிருக்கின்றன. கை தட்டினால் நான் கேட்ட எழுத்துதான் விழும், அது எந்த அகராதியில் இல்லாவிட்டாலும்.

அதைவிட ஆழமான ஒன்று, வாக்கியத்துக்குள் நடந்தது. அது எனக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று. பேசுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் குரல் தட்டச்சு தானாக அணைந்துவிடுகிறது. போனில் செய்தாலும் அப்படித்தான். கதை எழுதுகிறவளுக்கு வேலையே அந்த நிறுத்தத்தில்தான் நடக்கிறது. அது அணைந்துவிடாமல் இருக்க நான் ஏதாவது பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்படிப் பேசிய ஏதாவதுகள் எல்லாம் விளக்கங்கள். பேச்சு என்றாலே எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று மனசு எடுத்துக்கொள்கிறது; எதிரில் ஆள் இருந்தால் புரியவைக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அடுத்த பூவில், அதாவது அடுத்த போகத்தில், முதல் தண்ணீர் வருகிற அன்றைக்கு என்ன செய்கிறாள் என்பது இடம். சொல்லி எழுதியது இது: "மடை திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் சண்முகத்தாய்க்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது தண்ணீர் பாய்ச்சுகிற வேலையை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவளுக்கு அது எதுவும் தெரியாது." பிற்பாடு தட்டச்சில் எழுதியது இது: "மடை தொறந்தாச்சு என்று யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள். சண்முகத்தாய் மண்வெட்டியைத் தேடினாள். அவன் சாத்தி வைக்கிற மூலையில் விறகு கிடந்தது." இரண்டாவதைத் தட்டும்போது முதலில் 'மண்வெட்டியை எடுத்தாள்' என்றுதான் விழுந்தது. 'எடுத்தாள்' என்பதைக் கண்ணால் பார்த்ததும், அவளுக்கு அது இருக்கிற இடம் தெரியாதே என்று தோன்றியது. அழித்துத் 'தேடினாள்' என்று போட்டேன். தேடினால் எங்கே தேடுவாள் என்றதும் மூலை வந்தது, மூலையில் விறகு வந்தது. வாயில் 'எடுத்தாள்' என்று சொல்லியிருந்தால் அது போய்விட்டிருக்கும். அடுத்த வாக்கியமும் அதைத் தொடர்ந்து போயிருக்கும். சொன்ன சொல்லைக் கண் பார்ப்பதில்லை. பார்க்காததைத் திருத்த முடிவதில்லை.

வீடு வேறு. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. மாமியார் மருமகளை ஏசுகிற ஒரு இடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "என்னக்கா, ஒங்க மைனி வந்துருக்காவளா, சத்தமா கெடக்கு?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சங்கடப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குக் குரல் தணிந்துவிட்டது. ஆணும் பெண்ணும் தனித்திருக்கிற ஒரு காட்சி வந்தது. அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், தொண்டை அடைத்தது. இரண்டு நாவல்களில் அப்படிப்பட்ட இடங்களைக் கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் விரலுக்குக் காது இல்லை. சாவு விழுந்த வீட்டைச் சொன்னபோது அழுதுவிட்டேன். அழுததும் அதில் ஒரு சொல்கூடத் தேறவில்லை. அழுகை வாக்கியத்தை நீட்டிவிட்டிருந்தது. ஆடியில் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் ஒரு வாரம் மைக்குக்கு வேலை இல்லை. குடும்பமாக இருக்கிற வீட்டில் சொல்லி எழுத நினைப்பவர்கள், மைக் வாங்குவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆள் அரவம் இல்லாமல் கிடைக்கும் என்று பாருங்கள். பெண்களுக்கு அது அநேகமாக விடியற்காலை மட்டும்தான். அந்நேரம் குரல் கரகரவென்று இருக்கும்.

இயந்திரம்தான் சரியில்லை, மனுஷர் கேட்டு எழுதினால் சரியாகிவிடும் என்று அடுத்த யோசனை வந்தது. டவுனில் டிடிபி வேலை செய்கிற ஒரு பெண் கிடைத்தாள். கெட்டிக்காரி, வேகமான கை. ஒலிப்பதிவைப் பென்டிரைவில் கொடுத்துவிடுவேன், பக்கக் கணக்குக்குக் கூலி. செலவின் பெரும்பகுதி இங்கேதான் போயிற்று. முதல் கட்டைக் கொடுக்கும்போது அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "யக்கா, கொச்சையா இருந்த எடத்தையெல்லாம் நானே திருத்திட்டேன், ஒங்களுக்கு ஒரு வேல மிச்சம்." எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவள்மேல் குற்றமே இல்லை. திருமணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற கைக்கு அதுதான் பழக்கம், அதுதான் மரியாதையும். 'கேட்டது கேட்டபடி' என்று வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கம் மாதிரி அடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் இந்தக் கூலி போயிருக்காது என்று இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, எழுத்துரு. அவள் அச்சகங்களில் பழகிய பழைய எழுத்துருவில் அடித்திருந்தாள். எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியபோது துணைக்கால் வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ர' வந்து நின்றது, சில கொம்புகள் தனியாகக் கழன்று கிடந்தன. அதைச் சரிசெய்ய இன்னொருவர், அதற்கு இன்னொரு கூலி. யூனிகோடில் அடிப்பீர்களா என்பதைக் கூலி பேசுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். 'ஆமா' என்றால் ஒரு பக்கம் அடித்த வேர்ட் கோப்பை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லித் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் சரியாகத் தெரிந்தால் யூனிகோடு.

பெரிய ஆட்களே சொல்லி எழுதினார்களே என்று எனக்குத் தைரியம் சொன்ன நண்பர்கள் உண்டு. உண்மைதான். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் 'சூதாடி' நாவலை அன்னா என்கிற சுருக்கெழுத்துக்காரப் பெண்ணிடம் சொல்லி 26 நாளில் முடித்தார். பதிப்பாளரிடம் மாட்டிக்கொண்ட கெடு அப்படி. ஆனால் ராத்திரியில் அவர் எழுதி வைத்துக்கொண்டதைத்தான் பகலில் சொன்னார். அவள் வீட்டுக்குப் போய் விரித்தெழுதிக் கொண்டுவந்ததை மறுபடி திருத்தினார். கண்ணும் கையும் இரண்டு முனையிலும் இருந்தன. ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1897 வாக்கில் அவருக்கும் மணிக்கட்டு வலிதான். தட்டச்சரை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சொன்னார். அதற்குப் பிந்தைய நாவல்களில் அவர் வாக்கியங்கள் நீண்டு சுற்றிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தின் தட்டுச் சத்தம் காதில் விழுந்தால்தான் அவருக்குச் சொல்லவே வந்தது என்று அவரிடம் வேலை பார்த்த தியோடோரா பொசான்கே எழுதியிருக்கிறார். இன்ஸ்டிடியூட்டில் வரிசையாகப் பத்து இயந்திரம் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் அது எனக்கு நன்றாகவே புரிகிறது.

நம் ஊரில் வாயால் கதை சொல்கிற கலை செத்துப்போய்விடவில்லை. சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலால் வில்லை அடித்து ராத்திரி முழுக்கக் கதை சொல்வார். ஒரு சொல் யோசிக்காமல் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அவர் ஒரு அடி சொன்னதும் குடம் அடிப்பவரும் பக்கப்பாட்டுக்காரர்களும் 'ஆமா' என்கிறார்கள். அந்த 'ஆமா'வில் அவருக்கு அடுத்த அடி கிடைக்கிறது. கூட்டம் கண்ணீர் விடுகிற இடத்தில் நின்று இன்னும் இரண்டு பாட்டுப் பாடுவார், தூங்கி வழிகிற இடத்தில் தாண்டிப் போவார். அந்தக் கதையை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவருக்கு முன்னால் அவர் குரு சொல்லியிருப்பார். நான் யாருமே கேட்டிராத ஒரு கதையை, 'ஆமா' சொல்ல ஆளில்லாத ஒரு அறையில், சிவப்பு மைக் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வராமல் போனதில் ஆச்சரியமில்லை என்று தெரிந்தபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

அதற்குள் புத்தகக் காட்சி போய்விட்டது. பதிப்பாளரிடம் போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்; "சரிம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்ற அந்தக் குரல்தான் தாங்க முடியவில்லை. ஆற்றங்கரைப் பக்கம், குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரிடமும் சொல்ல வாய் வராது. கை போனால் வேறு வழி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அந்த வழியிலும் வரவில்லை என்றால் என்னிடம் ஏதோ இல்லை என்றுதானே அர்த்தம் என்று நினைப்பு. இந்த நினைப்பு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாராவது ஒரு எழுத்தாளருக்குப் போன் போட்டுப் பேசிவிடுங்கள். நான் பேசாமல் கிடந்தது அநியாயத்துக்கு நீண்டுவிட்டது. பதிப்பகத்துக்கும் கை சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடுத்துவிடுவது நல்லது. அவர்கள் தாள், அச்சு எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

ஸ்பிளின்டும் தைராய்டு மாத்திரையும் வேலை செய்யவே, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்யலாம் என்றார். பழைய மாதிரி தட்டினால் பழைய வலிதான் வரும். அப்போதுதான் தமிழ்99 பற்றி விசாரித்தேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. அடிக்கடி வருகிற க, ப, ம, த, ந எல்லாம் நடு வரிசையிலேயே விரலடியில் இருக்கும். ஒரே எழுத்து இரட்டிக்கும் இடத்திலும் ந்த, ம்ப மாதிரி இணைகளிலும் புள்ளி தானாக விழுந்துவிடும். நான் பழகிய முறையில் 'தந்தை' என்று வரவழைக்க எட்டுத் தட்டு. தமிழ்99-ல் த, ந, த, ஐ, நான்கே தட்டு. ஒரு நாளைக்கு ஐந்நூறு சொல் என்றால் மணிக்கட்டுக்கு மிச்சமாகும் தட்டுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புது விசைப்பலகையா என்று தயங்க வேண்டாம். முதல் சில வாரம் அழுகை வரும் அளவுக்கு மெதுவாக இருந்தது, பிறகு விரல் ஏற்றுக்கொண்டது. அந்த மெதுவும் வீணாகவில்லை. சண்முகத்தாய் மண்வெட்டி தேடிய பக்கம் அந்த நாட்களில்தான் வந்தது. என்எச்எம் ரைட்டரிலும் இகலப்பை என்கிற மென்பொருளிலும் தமிழ்99 இருக்கிறது, போனுக்குச் செல்லினம் என்கிற செயலியில் இருக்கிறது. மடிக்கணினியை அப்படியே வைத்துத் தட்டாதீர்கள்; திரை கண் மட்டத்துக்கு வரும்படி அதை உயர்த்தி வைத்து, தனியாக ஒரு கீபோர்டு வாங்கி முழங்கை மடங்கும் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்காமல் நேராக இருக்க வேண்டும். எழுநூறு, எண்ணூறு ரூபாய் கீபோர்டே போதும். சாப்பாட்டு மேசை எனக்கு உயரமாக இருந்தது, நாற்காலியில் பட்டமடைப் பாயை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன், சரியாயிற்று. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து விடுவேன். நாவல் முடிந்து பதிப்பகத்துக்குப் போய்விட்டது.

மைக்கைத் தூக்கிப் போடவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். கால்வாய்க் கரையூர்களில் பெரியவர்களிடம் பேசப் போகும்போது அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்கிறேன். முன்னாலெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வந்து எழுதும்போது பாதி வழக்கு நழுவிவிடும். பதிவை வீட்டில் கேட்டு, நானே தட்டி எடுக்கிறேன். நடக்கும்போது தோன்றுகிற சின்னக் குறிப்புகளைப் போனில் சொல்லி வைக்கிறேன், அதில் பிழை இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எழுதி முடித்த உரையாடலைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கேட்கிறேன். எந்தப் பேச்சு கிழவி வாயில் நிற்காது என்று காது சட்டென்று சொல்லிவிடும்.

நிஜமாகவே கையைப் பயன்படுத்த முடியாதவர்கள் இருப்பார்கள். பக்கவாதம், விபத்து, கண் பார்வை போனவர்கள். அவர்களைத் தட்டச்சு செய்யுங்கள் என்று சொல்ல நான் யார்? சொல்லித்தான் எழுத வேண்டும் என்றால் இயந்திரத்துக்குப் பதிலாக உங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்த ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் படித்த பிள்ளையைவிட, கதை படிக்கிற பிள்ளையாக இருப்பது முக்கியம். பக்கக் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் கூலி பேசுங்கள், அப்போதுதான் நீங்கள் யோசிக்கிற நேரத்தில் அவருக்கு அவசரம் வராது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கண் செய்கிற வேலையைக் காதாவது செய்யட்டும். முதலில் ஒரே ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் பேசிக்கொண்டு, அதை அச்செடுத்து உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மீதி நாவலுக்கு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.